அக்கரைக்கு ஒரு படகு

பாசிர் பெனம்பாங்கில் மாலை ஐந்து மணிக்குமேல்தான் ஆற்றோரம் களைகட்டும். கடலுக்குப் போன படகுகள் ஒவ்வொன்றாகச் சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரம் வழியே திரும்பி வரும். மீன்கூடைகள் கரையேறும். எறியப்படும் கழிவுகளுக்காகச் செம்பருந்துகள் தாழப் பறந்து வட்டமிடும். எதிர்க்கரையில் மெலாவத்திக் குன்று பச்சையாக எழுந்து நிற்கும்.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரும், ஓய்வுபெற்ற தாதியான அவருடைய துணைவியாரும் அந்த ஊருக்கு அருகில் வசிக்கிறார்கள். வாரத்தில் இரண்டு முறையாவது மீன் வாங்க இங்கு வருவார்கள். அம்மையார் பலகைத் துறையின் விளிம்புவரை சென்று, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை பேசி வாங்குவார். ஆசிரியரோ சாலையிலேயே, மகிழுந்துக்குப் பக்கத்தில் பையோடு நிற்பார். துறைப்பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்கமாட்டார். பல ஆண்டுகளாக இதுதான் வழக்கம். மீன் விற்பவர்களுக்கும் இது பழகிவிட்டது.

‘பெனம்பாங்’ என்னும் மலாய்ச் சொல், ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகைக் குறிக்கும். அந்தப் படகை ஓட்டுபவரையும் குறிக்கும். ‘பாசிர்’ என்றால் மணல். இன்று ஆற்றின் குறுக்கே பாலம் இருக்கிறது. வாகனங்கள் தஞ்சோங் காராங், செக்கிஞ்சான், சபாக் பெர்ணம் என்று வடக்கு நோக்கி நிற்காமல் ஓடுகின்றன. பாலம் இல்லாத நாளில் ஆற்றைக் கடக்கப் படகுதான் துணை. ஆசிரியரின் தாயார் மணப்பெண்ணாகப் புகுந்த வீட்டுக்கு வந்ததும் ஒரு படகில்தான். ஊரின் பெயர் படகைச் சொல்கிறது. ஆசிரியரின் குடும்பக் கதையும் படகில்தான் தொடங்குகிறது. ஆனால், அவர் மட்டும் படகில் ஏறுவதில்லை.

அவர் பிறந்தது ஆற்றின் மேற்பகுதியில், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். இன்று அந்த ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா. மலேசியாவில் வாணிப நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்ட தென்னமாரம் தோட்டம் அந்த வட்டாரத்தில்தான் உள்ளது. 1917ஆம் ஆண்டு அங்கு நடப்பட்ட கன்றுகளே பின்னாளில் நாடெங்கும் பரவிய செம்பனைத் தொழிலுக்கு முன்னோடி. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்நாளில் விளையாட்டுத் திடல், நீச்சல்குளம், கடைத்தெரு எல்லாமே ஆறுதான். ஆசிரியருக்குப் பதினொரு வயது இருக்கும்போது, 1971ஆம் ஆண்டில், அவரும் எட்டு வயதுத் தம்பியும் யாருக்கும் தெரியாமல் ஒரு சம்பானை எடுத்துக்கொண்டு இறால் பிடிக்கப் போனார்கள். சம்பான் கவிழ்ந்தது. அண்ணன் கரையேறினான். தம்பியை மறுநாள் காலையில்தான் கண்டெடுத்தார்கள்.

‘ஆற்று வேகத்தில் கை நழுவிவிட்டது’ என்றுதான் தோட்டத்தில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஆசிரியரும் அதை மறுத்ததில்லை. திருமணத்துக்கு முன்பே அம்மையாருக்கு இந்தச் செய்தி தெரியும். அதனால், ஆற்றைப் பற்றி அவர் கணவரிடம் எதையும் கேட்டதில்லை. ஆற்றோரத்திலேயே குடித்தனம் நடத்தியும், கம்போங் குவாந்தானின் மின்மினிகளை அவர்கள் இருவரும் சேர்ந்து பார்த்ததில்லை. அம்மையார் மருத்துவமனைத் தோழிகளோடு ஒரு முறையும், மகளோடு ஒரு முறையும் போய்ப் பார்த்து வந்தார். அவ்வளவுதான்.

2025ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர்களுக்குத் திருமணமாகி நாற்பது ஆண்டுகள் நிறைவடைந்தன. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கோலாலம்பூரிலிருந்து மகள் அழைத்தாள்.

“அப்பா, அம்மா! இந்த வருஷம் எங்கே போக ஆசை? காசி போறீங்களா? ஜப்பான் போறீங்களா?”

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொன்னார்கள்: “வெனிஸ்.”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏற்கெனவே பார்த்த ஊர்தானே?” என்றாள்.

பார்த்த ஊர்தான். ஆனால், பார்த்தது நான்கு மணி நேரம். 2010இல் திருமண வெள்ளி விழாவை முன்னிட்டு ஒரு குழுவோடு ஐரோப்பா சென்றபோது, வெனிசுக்குக் கிடைத்தது ஒரு பிற்பகல் மட்டுமே. ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே சுற்றிவிட்டு, மாலையில் மீண்டும் ரயில் ஏறிவிட்டார்கள். அந்த நான்கு மணி நேரம் பதினைந்து ஆண்டுகளாக அவர்களுடைய பேச்சில் வந்துகொண்டே இருந்தது. அவர்களுக்கு மிகவும் பிடித்த ஊர் எது என்று யார் கேட்டாலும் வெனிஸ் என்றே சொல்வார்கள்.

பிடித்ததற்கான காரணம் மட்டும் இருவருக்கும் ஒன்றல்ல. ஆசிரியருக்கு அந்த நகரம் பிடித்தது அதன் பாலங்களால். தண்ணீர்மேல் இருக்கும் ஊர்தான்; ஆனால், 400க்கும் மேற்பட்ட பாலங்கள் உள்ளன. தண்ணீருக்கு அஞ்சும் மனிதரும் ஒரு படகில்கூட ஏறாமல் ஊர் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். அம்மையாருக்குப் பிடித்தது படகுகளால். அன்று குழுவில் மற்றவர்கள் கோண்டோலாவில் ஏறியபோது அவரும் ஏறப் போனார். ஒரு காலைப் படகில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பாலத்தின்மேல் கணவர் இரண்டு பைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு, முகம் வெளுத்து நின்றிருந்தார். அம்மையார் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார். “எனக்குத் தலைசுற்றுது, நீங்க போங்க” என்று தோழியரிடம் சொல்லிவிட்டார். அவருக்குத் தலைசுற்றவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியும். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை.

இம்முறை ஆறு இரவுகள் தங்குவதாகத் திட்டம். வெனிஸ் விமான நிலையத்துக்கு மார்கோ போலோவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1271இல் வெனிசிலிருந்து புறப்பட்ட அந்தப் பயணி, 1295இல்தான் ஊர் திரும்பினார். திரும்பும் வழியில் மலாக்கா நீரிணையில் பயணம் செய்தார். பருவக்காற்றுக்காகச் சுமத்ராவில் ஐந்து மாதங்கள் காத்திருந்தார். பின்னர்ப் பாண்டிய நாட்டுக்குச் சென்று, காயல் துறைமுகத்தைப் பற்றியும் முத்துக்குளிப்பைப் பற்றியும் கண்டதைச் சொன்னார்.

“இந்த ஊர்க்காரர் 700 வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம கடல் பக்கமா போயிருக்கார். நாம இப்போதான் இங்கே வர்றோம்” என்றார் ஆசிரியர்.

“அவர் படகிலே போனாருங்க” என்றார் அம்மையார். சொன்ன பிறகே, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்குத் தோன்றியது. ஆசிரியர் சிரித்துவிட்டார். விமான நிலையத்திலிருந்து பேருந்தில் ஏறி, நிலத்தையும் நகரத்தையும் இணைக்கும் நீண்ட பாலத்தின் வழியாகவே ஊருக்குள் சென்றார்கள்.

வெனிஸ் உப்பங்கழி ஒன்றின் நடுவே, 118 சிறு தீவுகள்மேல் எழுந்த நகரம். ரோமப் பேரரசு சரிந்த காலத்தில், படையெடுப்புகளுக்கு அஞ்சி நிலப்பகுதியிலிருந்து ஓடிவந்தவர்கள் இந்தச் சேற்றுத் தீவுகளில் தஞ்சம் புகுந்தார்கள். கட்டடம் எழுப்பக் கெட்டியான தரை இல்லை. அதனால், மரக்கட்டைகளைக் கூராக்கிச் சேற்றுக்குள் நெருக்கமாக அடித்து இறக்கினார்கள். அவற்றின்மேல் பலகையும் கல்லும் பரப்பி மாளிகைகளைக் கட்டினார்கள். சேற்றுக்குள் காற்றுப் புகாததால் மரம் உளுத்துப் போகாமல் நூற்றாண்டுக் கணக்கில் தாங்குகிறது. பெருங்கால்வாயின் முனையில் வெண்ணிறக் குவிமாடத்தோடு நிற்கும் சாந்தா மரியா தேவாலயம், 1630ஆம் ஆண்டில் பரவிய கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாகக் கட்டப்பட்டது. அதன் அடியில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கட்டைகள் உள்ளதாகப் பழைய கணக்கு சொல்கிறது.

ஆசிரியர் அதைக் கேட்டு வியக்கவில்லை. “நம்ம பக்கம் சேத்து நிலத்துல வீடு கட்ட பாக்காவ் கம்பு அடிச்சாங்களே, அதே வேலைதான். இவங்க அதுமேல அரண்மனையைக் கட்டிட்டாங்க” என்றார்.

முதல் இரண்டு நாள்களும் அவர்கள் மெதுவாக நடந்தார்கள். புனித மாற்கு சதுக்கத்தில் மணிக்கூண்டைப் பார்த்தார்கள். 1902இல் இடிந்து விழுந்த அந்தக் கூண்டை, முன்பு எப்படி இருந்ததோ அப்படியே, முன்பு எங்கே இருந்ததோ அங்கேயே மீண்டும் கட்டி 1912இல் திறந்திருக்கிறார்கள். அதே சதுக்கத்தில் 2019 நவம்பர் 12ஆம் நாள் வெள்ளம் புகுந்தது. ஏற்றநீர் அன்று 187 சென்டிமீட்டர்வரை உயர்ந்தது. 1966இல் பதிவான 194 சென்டிமீட்டருக்கு அடுத்த மிகப் பெரிய வெள்ளம் அதுதான். அதற்கு மறுவருடம், அக்டோபர் 2020 முதல், கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட மூன்று வாய்களிலும் அமைத்த 78 எஃகு மதகுகள் வேலை செய்யத் தொடங்கின. கடல் உயரும்போது கடலடியில் படுத்திருக்கும் மதகுகளுக்குள் காற்றைச் செலுத்துவார்கள்; அவை எழுந்து நின்று நீரைத் தடுக்கும். கோல சிலாங்கூர்க் கடற்கரையில் மண்கரையும் நீர்மதகுகளும் அமைத்து, வயல்களையும் வீடுகளையும் காத்துவரும் மக்களுக்கு இந்தக் கவலை புதிதன்று. பெரும் ஏற்றநீர் வரும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டுப் பொருள்களை உயர வைப்பது இரண்டு ஊர்களுக்கும் பொதுவான பழக்கம்.

ரியால்த்தோ பாலத்துக்கு அருகில் ஒரு சிறு சதுக்கத்தில் பழைய மருந்துக்கடை ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடிச் சன்னலில் 2008ஆம் ஆண்டு முதல் ஓர் எண் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அது மணியும் அல்ல, வெப்பநிலையும் அல்ல. பழைய நகரப் பகுதியில் இன்னும் குடியிருப்பவர்களின் எண்ணிக்கை. 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் அங்கு வாழ்ந்தார்கள். 2022இல் அந்த எண் 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. வாடகை ஏறியது, வீடுகள் தங்கும் விடுதிகளாயின, பிள்ளைகள் வேலைதேடி நிலப்பகுதிக்குப் போய்விட்டார்கள். வருகையாளர் கூட்டமோ குறையவில்லை. அதனால்தான் 2024 ஏப்ரல் முதல், கூட்டம் மிகும் நாள்களில், இரவு தங்காமல் வந்து போகிறவர்களிடம் நகர நிர்வாகம் கட்டணம் வாங்கத் தொடங்கியது.

ஆசிரியர் அந்த எண்ணையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பிறந்த தோட்டத்தில் லயன் வீடுகள் இப்போது இல்லை. கோயில் மட்டும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு, பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தவர்கள் மகிழுந்துகளில் வந்து, பொங்கல் வைத்து, மாலையில் திரும்பிவிடுகிறார்கள். கற்பிக்கும் நாளில் ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டு வகுப்பில் எத்தனை பெயர் பதிவாகியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் அவர். குறையும் எண்ணைப் பார்க்கும் வலி அவருக்குத் தெரியும்.

“இங்கே எண்ணிச் சொல்லவாவது ஒரு கடை இருக்கு” என்றார்.

மூன்றாம் நாள்தான் ஆசிரியர் வேறொன்றைக் கவனித்தார். பாலங்கள் என்றால் சமதரை அல்ல. கீழே படகு போக வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றும் வளைந்து உயர்கிறது. ஏறப் படிகள், இறங்கப் படிகள். 1591இல் கட்டி முடிக்கப்பட்ட ரியால்த்தோ பாலம் எல்லாவற்றையும்விட அகலமானது. அதன் படிகளும் நிறைய. அன்று காலை அம்மையார் பாதிப் படியில் உட்கார்ந்து, கைப்பேசியை எடுத்துக் கால்வாயைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார். முந்தைய நாளும் அதே படியில் உட்கார்ந்து அதே இடத்தைப் படம்பிடித்தார். அதற்கு முந்தைய நாளும் அப்படித்தான். ஆசிரியர் அருகில் போய்ப் பார்த்தார். கைப்பேசியின் திரை அணைந்திருந்தது. அம்மையாரின் மறுகை முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவமனைக் கூடங்களில் நின்றும் நடந்தும் தேய்ந்த முழங்கால் அது. ஊரில் வீட்டுப் படிகளில்கூட அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். அப்படிப்பட்டவர் மூன்று நாள்களாக எத்தனை பாலங்களை ஏறி இறங்கினார் என்று ஆசிரியர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். எண்ணி முடிக்க முடியவில்லை.

“வலிக்குதுன்னு ஏன் சொல்லல?”

“பாலத்துல நடக்கிறதுதானே உங்களுக்குப் பிடிக்கும்” என்றார் அம்மையார்.

ஆசிரியர் பதில் பேசவில்லை. தம்முடைய அச்சத்துக்குத் தாம் மட்டுமே விலை கொடுத்துவந்ததாக அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அந்த விலையில் பாதியை இன்னொருவர் முணுமுணுக்காமல் கட்டிவந்திருக்கிறார் என்பது அந்தப் படியில்தான் அவருக்குப் புரிந்தது. மீன் துறையில் தனியாக விலை பேசியது, மின்மினிகளைத் தோழிகளோடு பார்த்தது, படகிலிருந்து காலைப் பின்னுக்கு எடுத்தது என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

மறுநாள் அவர்களுடைய திருமண நாள். ரியால்த்தோ மீன் சந்தையைப் பார்க்க வேண்டும் என்று அம்மையார் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் தங்கிய விடுதி பெருங்கால்வாயின் ஒரு கரையில்; சந்தை நேர் எதிர்க்கரையில். ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர் நீளும் அந்தக் கால்வாயின் குறுக்கே நான்கே பாலங்கள் உள்ளன. 1854வரை ரியால்த்தோ ஒன்று மட்டுமே இருந்தது. அதனால், பாலமில்லாத இடங்களில் மக்களை அக்கரை சேர்க்கப் பழங்காலம் முதலே படகுகள் ஓடுகின்றன. அவற்றுக்கு ‘த்ரகெத்தோ’ என்று பெயர். ‘கடந்து செல்வது’ என்னும் பொருள்கொண்ட சொல்லிலிருந்து வந்தது அது. உருவத்தில் கோண்டோலாதான், ஆனால் சற்று அகலம், அலங்காரம் குறைவு. முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக இருவர் நின்று துடுப்புப் போடுவார்கள். வருகையாளர்கள் அரைமணி நேரம் உலாவரும் கோண்டோலாவுக்குப் பகலில் 90 யூரோ. அக்கரைக்குச் செல்லும் இந்தப் படகுக்கு 2 யூரோ. காய்கறிப் பையோடு சந்தைக்குப் போகும் உள்ளூர்க்காரர்கள் ஏறும் படகு இது.

விடுதியிலிருந்து வெளியே வந்ததும் அம்மையார் வழக்கம்போலப் பாலத்தின் பக்கம் திரும்பினார். ஆசிரியர் அவருடைய கையைப் பிடித்து, எதிர்த்திசையில் இருந்த மரத்துறையை நோக்கி நடந்தார்.

“எங்கேங்க?”

“பெனம்பாங்குக்கு” என்றார் ஆசிரியர்.

அம்மையார் நின்றுவிட்டார். “வேணாங்க. மெதுவா நடந்தே போயிடலாம். எனக்கு இன்னைக்கு வலி இல்ல” என்றார்.

“எனக்கு இருக்கு” என்றார் ஆசிரியர்.

துறையில் ஒரு மூதாட்டி, ஒரு பள்ளி மாணவன், பெட்டியோடு ஒரு தொழிலாளி என்று நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். படகு வந்து அணைந்தது. எல்லாரும் பேருந்தில் ஏறுவதுபோல ஏறி, நின்றுகொண்டார்கள். ஆசிரியர் வலக்காலை வைத்தார். படகு அசைந்தது. அவருடைய கை அம்மையாரின் மணிக்கட்டை வலிக்கும் அளவுக்கு இறுகப் பற்றியது. பின்னால் நின்ற படகோட்டி ஒன்றும் கேட்காமல், தமது முழங்கையை நீட்டினார். ஆசிரியர் அதையும் பற்றிக்கொண்டு உள்ளே வந்து, குனிந்து விளிம்புப் பலகையில் உட்கார்ந்தார். அம்மையார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கரையை விட்டுப் படகு விலகியது. பெரிய பயணப் படகு ஒன்று கடந்து போக, அதன் அலை வந்து மோதியது. ஆசிரியர் கண்களை மூடிக்கொண்டார். துடுப்பு நீரில் இறங்கும் ஓசை மட்டும் கேட்டது. அந்த ஓசை அவருக்குத் தெரிந்த ஓசைதான்.

“கை நழுவல” என்றார், கண்களைத் திறக்காமலே. “நான்தான் விட்டேன். ஒரு கையில சம்பான், ஒரு கையில அவன். ரெண்டையும் பிடிக்க முடியல. அவனை விட்டுட்டு சம்பானைப் பிடிச்சுக்கிட்டேன்.”

ஐம்பத்து நான்கு ஆண்டுகளாக அவர் யாரிடமும் சொல்லாத சொற்கள் அவை. அம்மையார் உடனே எதையும் சொல்லவில்லை. ஆறுதல் என்று நினைத்துச் சொல்லும் எதுவும் அந்த இடத்தில் சிறிதாகிவிடும் என்பதை, நோயாளிகளின் படுக்கையோரம் பல இரவுகள் நின்றவர் அறிந்திருந்தார். சற்று நேரம் கழித்து, “உங்களுக்கு அப்போ பதினொரு வயசுங்க” என்றார். “நம்ம பேரனுக்கு இப்போ பதினொரு வயசு. அவனைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.”

ஆசிரியர் நினைத்துப் பார்த்தார். காலணிக் கயிற்றை இன்னும் ஒழுங்காகக் கட்டத் தெரியாத பேரன். இடி இடித்தால் பாட்டியின் அறைக்கு ஓடிவரும் பேரன். அந்தச் சின்னக் கைகளிடமா ஆற்றை எதிர்த்துப் பிடிக்கச் சொல்வது? அவர் கண்களைத் திறந்தபோது படகு அக்கரையைத் தொட்டிருந்தது. முழுப் பயணமும் இரண்டு நிமிடம்கூட இல்லை.

சந்தையில் கணவாய், நண்டு, மத்தி, சிறு இறால் எல்லாம் பனிக்கட்டிமேல் வரிசையாக இருந்தன. அம்மையார் பழக்கத்தால் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கக் கை நீட்டினார். கடைக்காரர் முறைத்தார். இருவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். திரும்பும்போதும் அதே படகுதான். இம்முறை அம்மையார் படகோட்டியிடம் நான்கு யூரோவை எண்ணிக் கொடுத்தார். ஆசிரியர் கண்களை மூடவில்லை. படகின் விளிம்பைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை. அச்சம் ஒரே நாளில் போய்விடவில்லை. அதோடு சேர்ந்து உட்கார ஒருவர் இருந்தார், அவ்வளவுதான்.

நாடு திரும்பி இரண்டு வாரம் கழித்து, நிலவில்லாத ஓர் இரவில் அவர்கள் கம்போங் குவாந்தானுக்குப் போனார்கள். அங்கு இயந்திரப் படகு இல்லை. நால்வர் அமரும் சம்பானைத் துடுப்பால்தான் செலுத்துகிறார்கள். ஓசையும் வெளிச்சமும் மின்மினிகளுக்கு ஆகாது. ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் அவை கூட்டம் கூட்டமாக அமர்ந்து, ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணையும். அவற்றின் புழுப்பருவம் கரையோரச் சேற்றில், சிறு நத்தைகளைத் தின்று கழிகிறது. கரையை வெட்டினாலோ, மரங்களை அழித்தாலோ, நீரின் தன்மை மாறினாலோ ஒளியும் குறைந்துவிடும். வெனிசின் சன்னலில் ஒளிரும் எண்ணைப்போல இங்கும் ஒன்று குறையக்கூடும் என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டார்; இங்கு அதை எண்ணிக் காட்ட மரங்களே இருக்கின்றன.

சம்பான் நடு ஆற்றுக்கு வந்தது. இதே ஆறுதான். இதே நீர்தான் தோட்டத்தைத் தொட்டுக்கொண்டு ஓடிவருகிறது. ஆசிரியர் ஒரு கையால் சம்பானின் விளிம்பைப் பிடித்திருந்தார். மறுகையை மெல்ல நீட்டி, நீரில் விரல்நுனிகளை நனைத்தார். தம்பியின் பெயரை ஒருமுறை சொன்னார். படகோட்டிக்கு அது கேட்டிருக்காது. அம்மையாருக்குக் கேட்டது.

அந்த வாரக் கடைசியில் பாசிர் பெனம்பாங்கில், மகிழுந்தை நிறுத்தியதும் ஆசிரியர் பையை எடுத்துக்கொண்டு நேரே துறைக்கு இறங்கினார். அம்மையார் வண்டியிலேயே உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து ஆசிரியர் திரும்பி வந்தார். அம்மையார் பையைத் திறந்து பார்த்தார். மீன் சிறியது, விலையோ வழக்கத்தைவிட ஐந்து ரிங்கிட் அதிகம். செவுளைத் தூக்கிப் பார்க்கவே இல்லை என்பது பார்த்ததும் தெரிந்தது.

“நல்ல மீனுங்க” என்றார் அம்மையார்.